தோட்டக் குட்டை மீன்களைக் காத்தலும் தண்ணீரின் தெளிவும்

தோட்டப் பாசனத்திற்காக வெட்டப்படும் குட்டைகளில் மீன் விட்டு வளர்த்து, ஒரே தண்ணீரிலிருந்து இரட்டை வருமானம் பெற விரும்பும் குடியானவர்கள் அநேகர். இதில் இறங்கியவர்கள் கூறும் குறைகள் பெரும்பாலும் இரண்டே. விட்ட குஞ்சுகளில் பாதிகூடக் கைக்கு வந்து சேரவில்லை என்பது ஒன்று. தண்ணீர் கலங்கியோ பச்சை பிடித்தோ கெட்டுப்போகிறது என்பது மற்றொன்று. இவற்றைத் தொடர்பற்ற குறைகளாக எண்ணி, முன்னதற்காகக் கொக்கை விரட்டுவதிலும் பின்னதற்காகப் படிகாரம் கொட்டுவதிலும் பொருளையும் உழைப்பையும் செலவிடுவோர் பலர். உண்மையில் இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவன. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்துவிட்டால் மீன் பறவைக்கு இரையாகிறது. அளவுமீறிப் பச்சை பிடித்தால் விடியற்காலையில் மூச்சுத் திணறி மேலே வந்து, அப்போதும் பறவைக்கே இரையாகிறது. ஆகவே குட்டை மீனைக் காக்க விரும்புவோர் முதலில் அறியவேண்டுவது, தண்ணீர் எவ்வளவு தெளிவாயிருக்கலாம் என்பதேயாகும்.

விளக்கத்தின் பொருட்டு 10 செண்டு பரப்புள்ள குட்டையொன்றை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்றேகால் அடி ஆழத்திற்குத் தண்ணீர் நின்றால், அது ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர் ஆகும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டையினங்களில் 200 குஞ்சுகள் இக்குட்டைக்குப் போதும். தீவனமும் எருவும் முறையாய் இட்டு வந்தால் ஓராண்டில் மீனொன்று ஏறக்குறைய 1 கிலோ எடைக்கு வரும். ஆகவே முதல் இரண்டு மாதங்களில் 100 குஞ்சுகளை இழப்பவர், குஞ்சின் விலையை மட்டும் இழக்கவில்லை. 100 கிலோ மீனை இழக்கிறார்.

நீருக்குள் இருக்கும் பகை

கரையில் நிற்கும் கொக்கு கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் பழியெல்லாம் அதன்மேல் விழுகிறது. சேற்றில் கிடக்கும் விரால் தெரிவதில்லை. இளங்குஞ்சுகளுக்குப் பெருநாசம் விளைவிப்பவை விரால், குறவை, கெளுத்தி, தேளி, வாளை முதலிய ஊனுண்ணி மீன்களே. இவற்றுள் விராலுக்குச் சந்தையில் நல்ல விலையுண்டு; ஆகையால் அதைப் பகையாய்க் கருத மனம் வருவதில்லை. தனிக் குட்டையில் வளர்த்தால் விரால் லாபந்தரும் மீன் என்பதில் ஐயமில்லை. கெண்டைக் குஞ்சுகளிடையே அது இருக்குமாயின், அந்த லாபம் முழுவதும் கெண்டைக் கணக்கிலிருந்தே எடுக்கப்படுகிறது.

முற்காலத்தில் இக்கேடு குஞ்சுகளோடு கூடவே வந்தது. சென்னை மாகாணத்தில் 1907-ஆம் ஆண்டில் மீன்துறை தொடங்கப்பட்ட பின்னரும், நெடுங்காலம் கெண்டைக் குஞ்சுகள் ஆற்று வெள்ளத்திலிருந்து வாரப்பட்டே குளங்களில் விடப்பட்டு வந்தன. கெண்டையினங்கள் தேங்கிய நீரில் தாமாக முட்டையிடுவதில்லை. ஆற்றில் வாரிய குஞ்சுகளில் கெண்டை எது, வாளை எது என்று பிரித்தறிவது தேர்ந்த கண்ணுக்கும் எளிதன்று. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி ஒரிஸ்ஸாவிலுள்ள அங்குலில் டாக்டர் ஹீராலால் சௌதுரி முதலியோர், மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசிமூலம் செலுத்திக் கெண்டைகளைக் குட்டையிலேயே முட்டையிடச் செய்தனர். அதன் பிறகே கலப்பற்ற குஞ்சுகள் பண்ணைகளில் கிடைக்கலாயின. ஆகையால் இக்காலத்தில் ஊனுண்ணி மீன் குட்டைக்குள் வருவது குஞ்சு வாங்கிய இடத்திலிருந்தன்று. பழைய சேற்றிலிருந்தும், வாய்க்காலிலிருந்தும், மழை இரவில் ஈரத்தரை வழியாகவுமே வருகிறது. விரால் காற்றை நேரே சுவாசிக்க வல்லது. நனைந்த புல்லில் ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். நீர் வற்றினும் ஈரச் சேற்றில் புதைந்து உயிர் தரிக்கும். வலை இழுத்தால் அடியில் பதுங்கும், அல்லது வலையைத் தாண்டிக் குதிக்கும். வலையை மட்டும் நம்பி விராலை ஒழித்ததாகக் கூறுபவர், அடுத்த ஐப்பசியில் செந்நிறக் குஞ்சுக் கூட்டமொன்றைத் தாய் விரால் மேய்த்துச் செல்வதைத் தம் குட்டையிலேயே காணக்கூடும்.

கோடையில் குட்டையை அடியோடு வற்றவிட்டுத் தரை வெடிக்கும்வரை காயப்போடுவது முதல் முறை. செலவற்றதும் இதுவே. அடிச்சேற்றை எடுத்துத் தோட்டத்திற்கு எருவாய் இடலாம். ஊற்றுள்ள குட்டையும், பாசனத்தின் பொருட்டு வற்றவிட முடியாத குட்டையும் இதற்கு உதவா. அவற்றிற்கு இலுப்பைப் பிண்ணாக்கே ஏற்றது. மேற்கூறிய 10 செண்டுக் குட்டைக்கு மூன்றேகால் அடித் தண்ணீரில் 100 கிலோ வேண்டும். பிண்ணாக்கை முதல்நாளே ஊறவைத்துக் கரைத்து, வெயில் ஏறியபின் நீர்ப்பரப்பு முழுவதும் சமமாய்த் தெளித்து, வலையை ஒருமுறை இழுத்துத் தண்ணீரைக் கலக்கிவிட வேண்டும். இலுப்பையிலுள்ள நுரைக்கும் சத்து மீனின் செவுள் வழியே இரத்தத்தில் கலந்து, செந்நிற அணுக்களைக் கெடுக்கிறது. சில மணி நேரத்தில் மீன்கள் தள்ளாடி மேலே வரும். அவற்றை உடனே வாரி உணவுக்கு உபயோகிக்கலாம். நஞ்சு அடங்க மூன்று வாரம் பிடிக்கும். அதன் பிறகு அப்பிண்ணாக்கே மக்கி நுண்ணுயிர்களுக்கு உணவாகிறபடியால், இம்முறையைக் கையாளும் குட்டைக்குத் தொடக்க எருவில் பெரும்பகுதி மிச்சமாகிறது. இதனை விட்டுப் பயிர்ப் பூச்சிமருந்தைக் குட்டையில் ஊற்றி மீனைக் கொல்வோரும் உண்டு. அது மாட்டுக்கும் மனிதனுக்கும் தீங்கு. அந்த மீன் உண்ணத்தக்கதன்று. அந்தச் சேறும் நெடுநாள் பழுதே.

நஞ்சு அடங்கியதா என்பதை அறிய, குட்டையின் ஓரத்தில் சிறு வலைத்தொட்டி கட்டி அதில் 10 குஞ்சுகளை ஒரு நாள் வைத்துப் பார்த்தல் போதும். அவை சோர்வின்றி இருப்பின் மற்றவற்றை விடலாம்.

வாய்க்கால் தண்ணீர் குட்டைக்குள் விழும் வாயில் மூங்கில் தட்டியும், அதன் உட்புறம் நெருங்கிய கண்ணுள்ள வலையும் ஆக இரண்டு தடுப்புகள் வேண்டும். கொசுவலை ஒன்றையே கட்டினால் சருகு அடைத்துக் கிழிந்துவிடும். கிழிந்த அன்று நுழைவதே போதுமான கேடு. 1952-ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று பற்பல ஏரிகளிலும் நிறைந்துள்ள ஜிலேபிக் கெண்டையும் இவ்வழியேதான் புகுகிறது. அது பெரிய ஊனுண்ணியன்று; ஆனால் ஓயாமல் இனம் பெருகித் தீவனம் முழுவதையும் பங்கிட்டுக்கொள்ளும்.

நீர்ப்பூச்சிகளைப்பற்றி அளவுக்கு மீறிய அச்சம் வேண்டியதில்லை. மல்லாந்து நீந்தும் பூச்சி, நீர்த்தேள், தும்பியின் நீர்ப்புழு ஆகியவை ஓர் அங்குலத்திற்குட்பட்ட இளங்குஞ்சுகளையே பெரிதும் கொல்கின்றன. நாலங்குலக் குஞ்சு வாங்கி விடுபவருக்கு இவற்றால் வரும் நஷ்டம் சொற்பம். சிறு குஞ்சுகளை வாங்கித் தாமே வளர்க்க விரும்புவோர், அவற்றை விடுவதற்கு முன்னாள் காற்றில்லாத வேளையில் இரண்டேகால் கிலோ தேங்காயெண்ணெயையும் முக்கால் கிலோ சோப்பையும் வெந்நீரில் குழைத்து, 10 செண்டுப் பரப்பின்மேல் தெளித்தால், எண்ணெய்ப் படலத்தால் மூச்சடைத்துப் பூச்சிகள் மடியும். தும்பிப் புழுவோ நீருக்குள்ளேயே சுவாசிப்பது. அதற்கு எண்ணெய் பலிக்காது. அதனை நெருங்கிய வலையால் வாரியே எடுக்க வேண்டும்.

கரையிலும் வானிலும் வருவன

பறவைகளில் மடையான் பகலிலும் வக்கா இரவிலும் ஆழமற்ற ஓரத்தில் நின்று கொத்துபவை. மீன்கொத்தி மேலிருந்து பாய்ந்து சிறு குஞ்சுகளை எடுப்பது. நீர்க்காகமோ முழுகித் துரத்துவது. இவ்வேறுபாட்டை அறிந்தால் பரிகாரமும் வேறுபடுவது விளங்கும். நின்று கொத்தும் பறவைக்குக் கால் ஊன்ற இடமில்லாதபடி ஓரத்தைச் செங்குத்தாய்ச் செதுக்கி, கரையோரத்திலேயே இரண்டடிக்குக் குறையாத ஆழம் வைத்தால் அது பெரும்பாலும் விலகிவிடும். மாடு இறங்கிச் சரிந்த கரை மடையானுக்கு விருந்து மேடையேயாகும். மீன்கொத்திக்கு மருந்து, பெரிய குஞ்சாய் விடுவதுதான். குட்டைக்கு நேர்மேலே நீட்டிய காய்ந்த கிளைகளையும் கழித்துவிடலாம்.

நீர்க்காகத்திற்கு ஆழம் தடையன்று. அது கூட்டமாய் வந்து சிறு குட்டையை ஒரு வாரத்தில் வெறுமையாக்கவல்லது. நீரில் இறங்கவும் எழும்பவும் அதற்குத் திறந்த பரப்பு வேண்டுமாதலால், குட்டையின் குறுக்கே கயிறுகளை நெருக்கமாய் இழுத்துக் கட்டுவது பயன்தரும். முதல் இரண்டு மாதங்களுக்கு மேலே வலை போர்த்துவது இன்னும் நலம். வலை தொய்வின்றி விறைப்பாய் இருக்கவேண்டும். தொய்ந்த வலையில் பறவையும் பாம்பும் சிக்கி மடியும். தென்னை மட்டைகளையும் பனையோலைகளையும் கட்டுக்கட்டாய்க் குட்டையின் நடுவில் அமிழ்த்தி வைத்தால் குஞ்சுகள் துரத்தப்படும்போது நுழைந்து ஒளிந்துகொள்ளும். பச்சை மட்டை அழுகித் தண்ணீரைக் கெடுக்குமாதலால் காய்ந்ததையே இடுதல் வேண்டும். ஒரு சாணுக்கு மேல் வளர்ந்துவிட்ட மீனைச் சிறு நீர்க்காகத்தால் விழுங்குதல் அரிது. ஆகவே காவல் வேண்டுவது ஆண்டு முழுவதுமன்று.

சோளக்கொல்லைப் பொம்மையும் பளபளக்கும் நாடாவும் சில நாட்களே செல்லும். பொம்மையின் தலைமேலேயே கொக்கு அமர்ந்திருக்கும் காட்சி எவ்வூரிலும் அபூர்வமன்று. நாள்தோறும் இடம் மாற்றி வைப்பவருக்கே அவற்றால் பிரயோஜனம்.

இப்பறவைகளைச் சுடுவதும் கண்ணி வைத்துப் பிடிப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். நீர்நாய்க்கும் இச்சட்டம் பொருந்தும். சட்டம் ஒருபுறமிருக்க, நீர்ப்பறவையால் குடியானவர் அடையும் நன்மையையும் மறத்தலாகாது. செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு எருவாவதைக் கண்ட ஊரார், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, அங்கே பறவைகளைச் சுடலாகாது என்னும் உத்தரவைப் பெற்றனர். பெரிய ஏரிக்கு நலமாகும் அந்த எச்சம், 10 செண்டுக் குட்டையின் மேல் சாய்ந்த மரத்தில் பறவைகள் அடைந்தால் தண்ணீரைப் பச்சையாக்கிவிடும் என்பதும் உண்மையே. குட்டை வெட்டும்போதே பெருமரங்களை விட்டுத் தள்ளி இடம் பார்ப்பது இதற்குப் பரிகாரம்.

தண்ணீர்ப் பாம்பு விஷமற்றது. கரைப் பொந்துகளை அடைத்து, ஓரப் புதரைக் கழித்துவிட்டால் அது தானே குறையும். நீர்நாய் ஆற்றோரத் தோட்டங்களுக்கே வரும். வருமிடத்தில் அடிப்பாகம் மண்ணில் புதைந்த கம்பிவலை வேலியொன்றே பலன் தரும்.

எவ்வளவு தெளிவு வேண்டும்

கெண்டையினங்கள் நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகளையும் சிற்றுயிர்களையும் உண்டு வளர்பவை. அடித்தரை தெரியும்படி தெளிந்த நீரில் அவ்வுணவு இல்லையென்று பொருள். பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக் குட்டைகளில் இத்தகைய தெளிவு சாதாரணமாய்க் காணப்படும். அங்கே மீனுக்கு உணவும் இல்லை, மறைவும் இல்லை. மீன் குட்டைக்கு உரிய நிறம் இளம்பச்சை.

இதனை அளக்கக் கருவி வேண்டுவதில்லை. காலை 10 மணி அளவில், வெயிலுக்கு முதுகைக் காட்டிக் கரையில் குனிந்து, உள்ளங்கையை விரித்தபடி கையை மெல்ல நீருக்குள் இறக்க வேண்டும். முழங்கை நனையும் அளவில் உள்ளங்கை கண்ணுக்கு மறைந்தால் தண்ணீர் சரியான நிலையிலிருக்கிறது. மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே மறைந்தால் பச்சை மிகுந்துவிட்டது. எருவையும் தீவனத்தையும் உடனே நிறுத்த வேண்டும். தோள்வரை இறக்கியும் விரல்கள் தெரிந்தால் சாணமிட வேண்டிய காலம். இச்சோதனை பச்சை நீருக்கே பொருந்தும். செம்மண் கலங்கிய நீரிலும் கை மறையும். அதைக் கண்டு உணவு நிறைந்திருக்கிறதென்று மயங்குதல் கூடாது. ஒரு கண்ணாடிக் குவளையில் நீரை மொண்டு, வெள்ளைத் துணிக்கு எதிரே பிடித்தால் மண்ணிறமா பாசி நிறமா என்பது தெரிந்துவிடும்.

மண் கலங்கல்

களிமண்ணின் நுண்துகள்கள் ஒவ்வொன்றும் ஒரேவகை மின்னேற்றம் உடையவையாதலால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, வாரக்கணக்கில் அடியில் படியாமல் நிற்கும். வெயில் உட்புகாமையால் பாசி வளராது. குஞ்சுகளின் செவுளும் அடைபடும். குடிநீர்ப் பானையில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கலைத் தெளியவைக்கும் நம் நாட்டு வழக்கம் இதே தத்துவத்தைப் பற்றியது: அக்கொட்டையின் சத்து துகள்களைச் சேர்த்துத் திரட்டிப் படியவைக்கிறது. பானைக்குச் சிறந்ததாகிய அது 4 லட்சம் லிட்டருக்கு எட்டாது. குட்டைக்குப் படிகாரமும் ஜிப்சமும் உண்டு. மேற்சொன்ன குட்டைக்குப் படிகாரமாயின் 10 கிலோ, ஜிப்சமாயின் 100 கிலோ அளவில் வேண்டியிருக்கும். படிகாரம் விரைவில் தெளியவைக்கும். ஆனால் தண்ணீரைப் புளிக்கச் செய்யுமாதலால், சுண்ணாம்புச் சத்துக் குறைந்த நீரில் மீனுக்கு ஆபத்து. ஜிப்சத்தால் அக்கேடில்லை. எதையும் குட்டையில் கொட்டுமுன், 10 லிட்டர் வாளியில் ஜிப்சமாயின் இரண்டரைக் கிராம், படிகாரமாயின் கால் கிராம் கலந்து ஓர் இரவு வைத்துப் பார்ப்பது அறிவுடைமை.

கலங்கலின் காரணத்தை நீக்காமல் படிகாரம் இடுவது, அடுத்த மழைவரை நிற்கும் வைத்தியம். மாடு இறங்குவதைத் தடுத்து, கரையில் அறுகும் வெட்டிவேரும் படரவிட்டு, மழைநீர் விழும் வாயில் வண்டல் தங்கச் சிறு பள்ளம் தோண்டினாலே பெரும்பாலான குட்டைகள் தெளியும். அடிமண்ணைக் கிளறி இரை தேடும் சாதாக் கெண்டையை அதிகம் விட்டவர் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பச்சை மிகுதலும் விடியற்காலை ஆபத்தும்

இதுவே ஒரே இரவில் குட்டை முழுவதையும் அழிக்கவல்ல கேடு. பாசி பகலில் வெயிலைக்கொண்டு பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் அதுவும் மீனைப்போலவே பிராணவாயுவை உட்கொள்கிறது. ஆகவே விடியலுக்குச் சற்று முன்னே நீரில் பிராணவாயு மிகக் குறைவாயிருக்கும். பச்சை அடர்ந்த குட்டையில், மேகம் மூடி வெயிலில்லாத இரண்டு மூன்று நாட்களுக்குப் பின், மீன்கள் கூட்டமாய் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அவ்வேளையில் அவை ஆளைக் கண்டும் அமிழ்வதில்லை. கொக்குகள் இதனைக் குடியானவருக்கு முன்னே அறிந்து வந்து கூடுகின்றன. வழக்கத்திற்கு மாறாக அதிகாலையில் குட்டையோரம் கொக்குக் கூட்டம் தென்பட்டால், அவற்றை விரட்டுவதற்கு முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

மீன் மேலே வந்துவிட்டால் தாமதமின்றிப் பாசன மோட்டாரை ஓட்டிக் குட்டைத் தண்ணீரையே இறைத்து, உயரத்திலிருந்து சிதறி விழும்படி திரும்ப விடவேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு குறைவு. அதனை விடுவதாயின் கற்கள்மேல் மோதி விழச் செய்தே விடவேண்டும். மின்சாரம் இல்லாதபோது ஆட்கள் இறங்கி மூங்கிலால் நீரை அடிப்பதும் உதவும். அன்றைக்குத் தீவனம் கூடாது. பகலில் குட்டைத் தண்ணீரில் ஒரு பகுதியைத் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சிவிட்டுப் புதுநீர் விடலாம்; பாசி நீர் பயிருக்கு நல்லதே. பாசியை மருந்திட்டு ஒருங்கே கொல்ல முனைவது பெரும் பிழை. செத்த பாசி அழுகும்போது எஞ்சிய பிராணவாயுவும் தீர்ந்து, மீன் மொத்தமாய் மடியும்.

பச்சை மிகுவதற்குக் காரணம் பெரும்பாலும் கையின் தாராளமே. மீன் தின்னாது விட்ட தவிடும் பிண்ணாக்கும் பாசிக்கே உரமாகின்றன. தீவனத்தைத் துளையிட்ட பையில் கட்டித் தொங்கவிட்டு, மறுநாள் எஞ்சியிருப்பதைப் பார்த்து அளவைக் குறைப்பது நல்ல முறை. 1959-ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வெள்ளிக் கெண்டை நுண்பாசியை வடிகட்டி உண்பது. அதே ஆண்டு வந்த புல் கெண்டை வேலம்பாசி முதலிய நீர்ப்பூண்டுகளைத் தின்று தீர்ப்பது. 200 குஞ்சுகளில் சிலவற்றை இவ்வினங்களில் சேர்த்துக்கொள்ளலாம். வெங்காயத்தாமரையைப் புல் கெண்டை விரும்பி உண்பதில்லை. அதனைப் பூக்குமுன் கையால் வாரிக் கரையேற்றி மக்கவைப்பதன்றி வேறு வழியில்லை. ஒரு செடியை விட்டாலும் மறுபடி மூடிக்கொள்ளும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியவை சில உண்டு. ஊர்ப் பொதுக்குளத்தை மீன் வளர்ப்புக்குக் குத்தகைக்கு விடும்போது, குளத்தில் எஞ்சவேண்டிய தண்ணீரின் அளவையும், மாடு இறங்குவதற்கும் துணி துவைப்பதற்கும் தனித்துறை ஒதுக்கியிருப்பதையும் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால் பின்னர் வழக்குகள் குறையும். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் குளத்தில் விடக்கூடாது என்பதையும் சேர்த்தெழுத வேண்டும். அது தப்பி ஏரிக்குச் சென்றால் நாட்டு மீன்களுக்குப் பெருங்கேடு. பயிருக்கு மருந்தடித்த கருவிகளைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவுவதைக் கண்டிப்பாய்த் தடுக்க வேண்டும். இக்காலத்தில் பருத்திக்கும் காய்கறிக்கும் அடிக்கப்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கு மிகச் சொற்ப அளவிலும் கொடிய நஞ்சு. ஒருவர் கழுவிய தெளிப்பான் அண்டைத் தோட்டத்தாரின் குட்டை முழுவதையும் ஒரு பிற்பகலில் அழித்துவிடும். ஆகவே வாய்க்காலின் மேற்பகுதியில் மருந்தடிக்கும் நாளைக் கீழ்ப்பகுதித் தோட்டத்தாருக்கு முன்னாளே தெரிவித்து, அன்று குட்டை மடையை அடைத்து வைக்கும் ஏற்பாட்டை ஊரிலே செய்துகொள்ளுதல் வேண்டும்.